பில்லிங் சொன்ன ‘சுவாரசியம்’

வாளியை எங்கே ஒளிப்பதென்று தலைமையாசிரியை மரியன் த்வெயிட்டுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. வாசலில் பில்லிங்கின் கார் வந்து நின்றுவிட்டது.

பில்லிங், பல பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் டிரஸ்டின் தலைவர். அவர் சரி என்றால்தான் பள்ளியின் மனு மேலே கல்வி வாரியத்துக்குப் போகும். வாரியம் ஒப்புக்கொண்டால் டிரஸ்டில் சேரலாம். இல்லையேல், பிள்ளைகள் குறைந்துபோன இந்தப் பள்ளிக்கு மூடுவிழாதான்.

"வாளி அங்கயே இருக்கட்டும் கண்ணு. மழை அளக்குற பாடம்னு சொல்லிடு," என்றாள் சமையல்காரி பிரெண்டா.

பில்லிங் உள்ளே வந்ததும் மரியன் அப்படியே சொன்னாள். ஒரு சொட்டு குறிதவறி பில்லிங்கின் வழுக்கையில் விழுந்தது. துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப சுவாரசியமா இருக்கு."

மரியனுக்கு உயிரே போய்விட்டது. அவர்கள் ஊரான, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் "பரவாயில்லை" என்றால் பெரிய பாராட்டு. "சுவாரசியம்" என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

அவர் வாயை இனிப்பால் அடைக்கலாமென்று சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனாள். பயத்தில் பிரெண்டா கஸ்டர்டைக் கருகவிட்டிருந்தாள்.

"இது... புகை வாசனையோட செய்யறது சார்," என்று சமாளித்தாள் மரியன்.

"சுவாரசியமா இருக்கே! இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

கிண்டல் வேறு! அவர் கையிலிருந்த ஸ்பூன் கிண்ணத்தில் கடகடவென்று தட்டியது. கோபம்தான், சந்தேகமே இல்லை.

புகை போகட்டுமென்று பிரெண்டா பின்கதவைத் திறந்தாள். பக்கத்து வயல் செம்மறியாடு உள்ளே வந்து பில்லிங்கின் மப்ளரை மென்று தின்னத் தொடங்கியது.

"இயற்கைக் கல்வி!" என்று கத்தினாள் மரியன்.

"ரொம்ப ரொம்ப சுவாரசியம்!"

அவளுக்குப் பொறுக்கவில்லை. "போதும் சார்! கூரை ஒழுகுது, கஸ்டர்ட் கருகிடுச்சு, இந்த ஆடு எங்களுதே இல்ல. ஒத்துவராதுன்னா நேரா சொல்லித் தொலைங்க!"

பில்லிங்கின் முகம் வெளுத்தது. எழுந்து காருக்குப் போய்விட்டார்.

"பள்ளிக்கூடத்த நானே மூடிட்டேன் பிரெண்டா," என்று குழந்தைகள் நாற்காலியில் உட்கார்ந்து மரியன் விசும்பினாள்.

பில்லிங்கின் காரை ஓட்டி வந்த பெண் கதவருகே தயங்கி நின்றாள்.

"மேடம், கோச்சுக்காம எங்களோட சேர்ந்துக்குங்களேன், மத்த பள்ளிங்க மாதிரி நீங்களும் மாட்டேன்னுட்டா வாரியம் எங்க டிரஸ்டையே கலைச்சிடுமாம், அவரு கார்ல உக்காந்து அழறாரு!"