டார்ச் லைட் அண்ணாச்சியும் அத்தானின் ஜெர்மன் காரும்

ராஜபாளையத்தில் உச்சி வெயிலை நம்பாத ஒரே மனிதர் டார்ச் லைட் அண்ணாச்சிதான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, தார் ரோடு கொதிக்கிற நேரத்தில், வெட்டவெளியில் நிற்கிற காரின் டயரை டார்ச் அடித்துப் பார்ப்பார். "வெயிலு மேலாக்கத்தான் தம்பி காட்டும். உள்ள இருக்கிறதைக் காட்டாது" என்பார். அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால் "எதுக்குக் கேக்கீங்க?" என்று திருப்பிக் கேட்பார் என்பதால் கேட்டதே இல்லை.

தென்காசி ரோட்டில் அவருக்கு டயர் கடை. வாசலில் பெரிதாக ஒரு போர்டு: 'சைஸ் தெரியும் என்று சொல்லாதீர்கள்.' மற்ற கடைக்காரர்கள் வருகிறவரை வாங்க வாங்க என்று வரவேற்பார்கள். இவர், "யாரு அனுப்பினா?" என்று ஆரம்பிப்பார். ஒருவர் காற்று மட்டும் அடிக்க வந்து, எந்த ஊர், எந்த ரோட்டில் வந்தீர்கள், பின் சீட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அரைமணி நேரம் பதில் சொல்லிவிட்டு, காற்றே அடிக்காமல் ஓடிப்போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. எதிராளியோடு சேர்த்து எங்கள் கட்சிக்காரரையும் சந்தேகப்படுவதுதான் என் பிழைப்பு. அப்பேர்ப்பட்ட என்னையே திணற அடித்தவர் அண்ணாச்சி. எல்லாம் என் அத்தான் வாங்கிய காரால் வந்தது.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். மகள் கல்யாணத்துக்குப் பெண்ணை அழைத்துப் போக வேண்டும் என்பதற்காகவே மதுரையில் ஒருவரிடம் பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கியிருந்தார். கறுப்பு நிறம், கதவைச் சாத்தினால் சத்தமே வராது, எடை இரண்டு டன்னுக்கு மேல். மாப்பிள்ளை வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். கல்யாண மண்டபமும் அங்கேதான். அந்தத் தெருவில் இந்தக் கார் போய் நிற்கிற காட்சியை அத்தான் ஆறு மாதமாகக் கனவு கண்டுகொண்டிருந்தார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முன்பக்க டயர் ஒன்று மொட்டையாகிவிட்டதைக் கவனித்தோம். அதை மாற்றத்தான் அண்ணாச்சி கடைக்குப் போனோம்.

"இதே நம்பர்ல ஒரு டயர் போட்டு விடுங்க" என்றார் அத்தான்.

அண்ணாச்சி டார்ச்சை எடுத்தார். டயரைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். "இந்த நம்பர் சரின்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"டயர்லயே போட்டிருக்கே!"

"டயர்ல டயரோட நம்பர்தான் இருக்கும். வண்டியோட நம்பரா இருக்கும்?"

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே தூணில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கருக்கு டார்ச் அடித்தார். ஸ்டிக்கரில் 255/45, பத்தொன்பது இஞ்ச். டயரில் 255/40, பத்தொன்பது இஞ்ச். "பாத்தீங்களா? வித்தவரு குள்ளமான டயரை மாட்டி உங்க தலையில கட்டிட்டாரு. நாலையும் மாத்தணும்."

நாலு என்றதும் அத்தான் என்னைத் தனியே இழுத்தார். "மச்சான், ஒண்ணு கேட்டா நாலுங்கிறான். எனக்கு இவன் மேல சந்தேகமா இருக்கு." எனக்கும் இருந்தது. ஆனால் அண்ணாச்சிக்கு அந்த ஸ்டிக்கர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "ஸ்டிக்கரை எவனும் ஒட்டலாம். கல்லை வச்சுப் பாத்துருவோம், வாங்க."

கல் என்றால் கிலோமீட்டர் கல். என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஊரைத் தாண்டிய முதல் கல்லில் மீட்டரைக் குறித்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் எண்ணிப் பத்துக் கல். மீட்டர் பத்துக்கு மேல் நானூறு மீட்டர் கூடக் காட்டியது. சக்கரம் குள்ளமாக இருப்பதால் அதிகம் சுற்றுகிறது, கம்பெனி வைத்த சைஸை நம்பி மீட்டர் கூட்டிச் சொல்கிறது என்று அண்ணாச்சி விளக்கினார். பிறகு இரண்டு கல்லை இறங்கிப் போய்த் தட்டிப் பார்த்தார். நெடுஞ்சாலைக்காரர்கள் இடம் மாற்றி நட்டிருக்கலாமாம்.

"மீட்டர் கூட ஓடினா ஓடட்டும். நான் என்ன வாடகைக்கா விடப்போறேன்?" என்றார் அத்தான்.

"அது சில்லறை விஷயம்யா. கனம்தான் கவலை. இந்த டயரு ஒண்ணு எழுநூத்திப் பத்து கிலோதான் தாங்கும். சைஸுக்குப் பக்கத்துல குறி இருக்கு பாருங்க. அன்னைக்கு வண்டியில யார் யாரு ஏறுவா? கூட்டிட்டு வாங்க. சாமானையும் ஏத்திட்டு வாங்க."

மறுநாள் காலை, பருத்தி லாரிகளை எடை போடுகிற மேடைக்கு எங்கள் குடும்பம் போய்ச் சேர்ந்தது. நான் ஓட்ட, பக்கத்தில் அத்தான். பின்னால் கல்யாணப் பெண், அக்கா, அத்தானின் மூத்த அக்காவான பெரியத்தை. டிக்கியில் சீர்வரிசை: வெண்கல அண்டா, குத்துவிளக்கு, பித்தளைக் குடங்கள். லாரிக்காரர்கள் பீடியை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அண்ணாச்சி பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி வண்டியை நிறுத்தச் சொன்னார்.

சீட்டு வந்தது. ஆயிரத்து நானூற்று அறுபது.

"ரெண்டு டயரும் சேர்ந்து தாங்குறது ஆயிரத்து நானூத்தி இருபது. அதுக்கு மேல நாப்பது ஏறியிருக்கு." அதோடு விட்டிருக்கலாம். அவருக்கு அந்த மேடை மேலேயும் சந்தேகம். பெரியத்தையிடம், "அம்மா, நீங்க எம்புட்டு இருப்பீங்க?" என்றார்.

"அறுவது" என்றார் பெரியத்தை, கோர்ட்டில் சத்தியம் செய்கிற குரலில்.

"செத்த இறங்குங்க."

இறங்கினார். மறுபடி எடை. பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் சேர்த்துப் பிடித்து அண்ணாச்சி டார்ச் அடித்தார். எண்பது குறைந்திருந்தது. லாரிக்காரர் ஒருவர் இருமினார்.

"நகைல்ல போட்டிருக்கேன்" என்றார் பெரியத்தை.

கல்யாண வீட்டில் வர வேண்டிய சண்டை இங்கேயே தொடங்கிவிடும் என்று நினைத்தேன். பெரியத்தை அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தம்பி பக்கம் திரும்பினார். "ஏலே, இந்தாளு சொல்றதையே போடு. வழியில டயர் வெடிச்சா டயரைச் சொல்ல மாட்டீக, அத்தை ஏறினதாலன்னுதான் ஊரெல்லாம் சொல்லுவீக. உங்களை எனக்குத் தெரியாதா?"

பெரியத்தையின் சந்தேகத்துக்கு முன்னால் அத்தானின் சந்தேகம் அடங்கிப்போனது. அரை மனதோடு சரி என்றார். ஒவ்வொன்றும் தொள்ளாயிரம் கிலோ தாங்குகிற சரியான சைஸில் நாலு டயர் மதுரையிலிருந்து வரவழைக்க ஏற்பாடானது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் டயர் வந்தது. அண்ணாச்சி ஒவ்வொன்றையும் உருட்டி, பக்கவாட்டில் நாலு இலக்கத்தில் இருக்கும் தயாரிப்புத் தேதியைப் படித்தார். எந்த வாரம், எந்த வருஷம் என்று அதில் இருக்கும். மூன்று புதுசு. ஒன்று நாலு வருஷமாகக் குடோனில் கிடந்தது. அதை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். அத்தான் கடையில் வந்து குதித்தார். "நாளைக்கழிச்சு விடிஞ்சா கல்யாணம்! ஒத்தை டயருக்காக எம்பொண்ணை வேன்ல கூட்டிட்டுப் போகச் சொல்றியா? மாப்பிள்ளை வீட்டுல எவனும் உன்னைத் தூண்டி விட்டிருக்கானா?"

"ஏறப்போறது உங்க பொண்ணு. பழசைப் போடச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போடுறேன்" என்றார் அண்ணாச்சி. அத்தான் பேனாவை எடுத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாலாவது டயர் கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம்தான் பஸ்ஸில் வந்து இறங்கியது. பழைய டயர்களைக் கழற்றும்போது பின்பக்க டயர் ஒன்றைத் திருப்பிப் போட்டு, "இங்க வாங்க" என்றார் அண்ணாச்சி. வெளியே இருந்து பார்த்தால் தெரியாத உள்பக்கத்தில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். உள்ளே நூல் அறுந்து, ரப்பர் மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம்தான் பெண் உட்காருவதாக ஏற்பாடு. அத்தான் அந்த வீக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

புது டயரை மாட்டி, அண்ணாச்சி மூன்று கேஜ் வைத்துக் காற்றை அளந்தார். ஒன்றை ஒன்று காட்டிக் கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு. "அம்பதுக்கு மேல போகாதீங்க" என்று என்னிடம் நாலு முறை சொன்னார்.

கல்யாணத்தன்று காலை பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஊரைத் தாண்டியதும் கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் ஒரு பழைய மொபெட். ஹேண்டில்பார் மேல் குனிந்தபடி, எங்கள் பின்சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணாச்சி.

"என்னத்துக்கு மச்சான் பின்னாலயே வாரான்?" என்றார் அத்தான்.

"பந்திக்கு இருக்கும்" என்றேன் நான், வக்கீல் குமாஸ்தா புத்தியோடு.

"அவருக்குப் பத்திரிகை வச்சீங்களா?" என்று பின்சீட்டிலிருந்து பெண் கேட்டாள். யாரும் வைக்கவில்லை. நான் வைத்திருப்பேன் என்று அத்தானும், அத்தான் வைத்திருப்பார் என்று நானும் இருந்துவிட்டோம்.

மடவார் வளாகத்தில் கார் போய் நின்றது. நாதஸ்வரம், ஆரத்தி, கூட்டம். அத்தான் கனவு கண்ட காட்சிதான். ஆனால் அத்தான் அதைப் பார்க்கவில்லை. காருக்குப் பின்னால் குனிந்து, ஒவ்வொரு டயரையும் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலையும் பார்த்து முடித்ததும் அண்ணாச்சி மொபெட்டைத் திருப்பினார். அத்தான் பட்டு வேட்டியோடு ஓடிப்போய் ஹேண்டிலைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, தப்பு எம்மேலதான். சாப்பிடாமப் போகக் கூடாது."

"சமையலு யாரு?" என்றார் அண்ணாச்சி.

பந்தியில் அவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். சாம்பார் வாளிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இலையில் ஊற்றத் தலையாட்டினார். "இம்புட்டு தூரம் பின்னாலயே வந்திருக்கீங்களே அண்ணாச்சி, எங்க மேல அவ்வளவு சந்தேகமா?" என்று கேட்டேன்.

"உங்க மேல என்ன சந்தேகம்?" என்றார், பால்கோவாவை முகர்ந்து பார்த்துக்கொண்டே. "நட்டு முறுக்கினது நான்லா."

இரண்டு வருஷமாகக் கடை பூட்டிக் கிடக்கிறது. கண்ணில் புரை விழுந்து, மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார். டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்தபோது என்ன சண்டை நடந்ததோ தெரியாது. அத்தானின் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. கிருஷ்ணன்கோவில் தாண்டி, ரோடு காலியாக இருந்தால், கால் என்னை அறியாமல் அழுத்திவிடும். உடனே கண்ணாடியைப் பார்ப்பேன். பின்னால் யாரும் வருவதில்லை. அதனாலேயே ஐம்பதுக்குக் குறைத்துக்கொள்கிறேன்.