மலைமேல் மஞ்சள் வட்டம்

அன்பும் மரியாதையும் கலந்து மைத்துனர் அவர்களுக்கு உங்கள் அத்தான் எழுதுவது.

இங்கு உங்கள் அக்கா நலம். அங்கு நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமா என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடுகிற ஆள். நான் சொல்வதில் பாதி தெருவுக்கும் மீதி இஸ்திரிப் பெட்டிக்கும் போய்விடும். தவிர, போனில் பேசுவது நான்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? இந்தக் கோழிக்கிறுக்கல் எழுத்து என்னைத் தவிர வேறு யாருக்கும் வராது.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரக் கடைசியில் நாம் மூவரும் மலையேறிச் சூரிய உதயம் பார்ப்பதாகப் பேசி வைத்திருந்தோமே, அதை நிறுத்தியாக வேண்டும். நான் சொன்னால் உங்கள் அக்கா கேட்கமாட்டாள். தம்பி பேச்சு தேன், புருஷன் பேச்சு வேப்பங்காய்.

என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வேலை பார்த்த காலமெல்லாம் மின்விசிறித் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. சுற்றுகிற விசிறியைக் காது கொடுத்துக் கேட்டு, சரியாக இருந்தால் மஞ்சள் சாக்பீஸால் ஒரு வட்டம், இல்லாவிட்டால் ஒரு பெருக்கல் குறி. என் வட்டம் முடிகிற இடத்தில் எலிக்குட்டிக்கு இருப்பதுபோல ஒரு சின்ன வால் தொங்கும். அந்த வட்டத்தைப் பார்த்தவர்கள் குறைவு, ஏனென்றால் நான் பெரும்பாலும் போட்டது பெருக்கல்தான். ஓய்வு பெற்ற பிறகும் சாக்பீஸ் சட்டைப் பையை விட்டுப் போகவில்லை. நம் குடும்பத்தில் யார் எங்கே போவதென்றாலும் நான் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான். உங்கள் கல்யாண மண்டபத்தில் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தவன் நான். நான் பெருக்கல் போட்ட நாற்காலியில்தான் உட்காருவேன் என்று உங்கள் மாமனார் அடம்பிடித்தார். கல்யாணப் படத்தில் இன்றைக்கும் அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிகின்றன. கடற்கரைக்குப் போகலாம் என்று உங்கள் அக்கா சொன்னபோதும் போய்ப் பார்த்தேன். பேரிங் தேய்ந்த விசிறி மாதிரி ஓயாத இரைச்சல். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஓர் ஆசை, மலை உச்சியில் நின்று சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டும் என்று. இந்த முறை எங்கிருந்தோ ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டாள். குறுகிய பாதையாம், முதன்முறை ஏறுபவர்களுக்கு ஏற்றதாம், குழந்தையும் ஏறுமாம். தினமும் முதுகுப் பையில் உப்புப் பொட்டலங்களை அடைத்துக்கொண்டு எங்கள் குடியிருப்பின் மாடிப்படிகளில் ஏறி இறங்குகிறாள். உங்கள் வீட்டில் எதற்கு இவ்வளவு உப்புச் செலவாகிறது என்று கீழ் வீட்டுத் தையற்காரர் என்னைக் கேட்டார். சரி, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அங்கேதான் மாப்பிள்ளை, சனி பிடித்தது.

முதலில் செருப்புக் கடை. மலையேற வழுக்காத ஷூ வேண்டும் என்று கேட்டால், விற்பனைப் பையன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். "நேத்துதானே சார் வாங்கிட்டுப் போனீங்க? போட்டு நடந்து பாத்துட்டு, ஒரு குறையும் இல்லைன்னு சொன்னீங்களே!" பிறந்ததிலிருந்து அந்தச் சொற்களை நான் சொன்னதில்லை. ஆள் மாறாட்டம் என்று அவனைக் கடிந்துகொண்டு வெளியே வந்தேன். வரும்போது கடையின் கண்ணாடிக் கதவைக் கவனித்தேன். ஓரத்தில் மஞ்சளாக ஒரு வட்டம், வாலோடு.

அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் நேற்று முன்தினம் மலையடிவாரத்துக்குப் போனேன். விடுதிக்காரர் வாசலிலேயே, "திரும்பவும் வந்துட்டீங்களா சார்?" என்றார். எந்தத் திரும்பவும்? நான் அந்த ஊரை மிதித்ததே அப்போதுதான். நாம் தங்க வேண்டிய அறையைத் திறந்து காட்டினார். கதவில் வட்டம். ஒழுகுகிற குழாயில் வட்டம். நடுவில் பள்ளம் விழுந்த கட்டிலில் வட்டம். மனசாட்சியுள்ள எந்தச் சோதனைக்காரனும் அந்தக் கட்டிலுக்கு வட்டம் போடமாட்டான். வழிகாட்டியிடம் போனேன், காதுவரை குல்லாய் போட்ட சாதுவான ஆள். பாதையைக் காட்டச் சொன்னேன். "நேத்து விடியறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஏறினோமே சார். நான் எங்க வழி காட்டினேன்? டார்ச்சு கூட இல்லாம நீங்கதான் முன்னாடி போனீங்க. நான் உங்க பின்னாடி வந்தேன்" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

பட்டப்பகலில் என்ன பயம் என்று அவரை அழைத்துக்கொண்டு ஏறினேன். பாதை நெடுக வட்டம். ஆடுகிற கல்லில் வட்டம், பாசி படிந்த படியில் வட்டம், பாதி அறுந்த கைப்பிடிக் கயிற்றின் முடிச்சில்கூட வட்டம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒவ்வொன்றின் மேலும் பெருக்கல் போட்டுக்கொண்டே போனேன். உச்சியில் மூச்சு வாங்க நின்றால், பள்ளத்தாக்கின் ஓரத்தில் இடுப்பளவு இரும்புக் கம்பி வேலி. தொட்டதும் கிழவன் பல் மாதிரி ஆடியது. அதற்கு ஒரு பெருக்கல் போடக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம், கீழே வெறும் மேகம் மட்டும் இருக்க, அதன் மேல் நீட்டிக்கொண்டிருந்த பாறையின் வெளிப்புறத்தில், பெரிதாக ஒரு மஞ்சள் வட்டம். பறவை வேண்டுமானால் அங்கே நின்று போடலாம். "அங்க எப்படிப் போட்டீங்கன்னு நேத்தே கேட்டேன் சார்" என்றார் வழிகாட்டி. "நீங்க சிரிச்சீங்க."

இறங்கும்போது பார்க்கிறேன், நான் போட்ட பெருக்கல் ஒன்றுகூட இல்லை. எல்லாக் கல்லிலும் வட்டம் மட்டும். விரலால் தொட்டேன், புது மாவு ஒட்டியது. வழிகாட்டி என் கூடவேதான் இருந்தார். மேலே வேறு ஒரு ஈ காக்கை கிடையாது. சட்டைப் பையில் கைவிட்டேன். காலையில் முழுசாக எடுத்து வைத்த சாக்பீஸ் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, அந்த வட்டம் போட்ட கட்டிலின் பள்ளத்தில் கண்ணை மூடாமல் கிடந்து, நேற்று மதியம்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

கதவைத் திறந்த உங்கள் அக்கா, "என்னங்க, எதையாவது மறந்துட்டீங்களா? இப்பத்தானே கடைக்குக் கிளம்பினீங்க?" என்றாள்.

"நான் மலையில இருந்து வரேன்" என்றேன்.

"அதான் காலையிலேயே வந்து சொல்லிட்டீங்களே! பாதை நல்லா இருக்கு, அறை சுத்தமா இருக்கு, ஒரு குறையும் இல்லைன்னு. ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. உப்பு சரியா இருக்குன்னு வேற சொன்னீங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

அடுப்பங்கரையில் எட்டிப் பார்த்தேன். பாத்திரம் காலி, மூடியில் வட்டம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மலைக்கென்று வாங்கிய கம்பளிச் சட்டையைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். முதுகின் நடுவில், தோள்பட்டைகளுக்கு இடையே, வாலோடு ஒரு மஞ்சள் வட்டம். துணியை அடிப்பதுபோல் அடித்தேன், ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. நான் எதற்குத் துடைக்கிறேன் என்றுகூட அவளுக்குப் புரியவில்லை. நமக்கு மலை வேண்டாம் என்றேன். அவ்வளவுதான், கிழித்துத் தொங்கவிட்டுவிட்டாள். "எந்த வாய் சரின்னு சொல்லுச்சோ அந்த வாய் கூட நான் மலைக்குப் போறேன். இந்த வாய் வீட்டுலயே கிடக்கட்டும்!"

மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் யார், எங்கிருந்து வந்தான் என்பதைவிட, அவன் சாப்பிட்டதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது பாருங்கள், அதுதான் பெரிய பயம். இத்தனை வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அவன் கூப்பிட்டால் அவள் அந்த முகத்தோடு கம்பி வேலிவரை போவாள். அவன் அங்கே நிற்கமாட்டான்.

அதனால் கடிதம் கண்டதும் கையோடு கிளம்பி வாருங்கள். ஓர் அடையாளம் சொல்கிறேன். பஸ் நிலையத்தில் உங்களை அழைக்க வருகிறவன் உங்கள் பையைத் தூக்கிப் பார்த்து, இந்த ஜிப்பு தாங்காது என்றால் அது நான். ஒரு குறையும் இல்லை என்றால் அது நானில்லை. அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோ பிடித்து நேரே வீட்டுக்கு வந்து, அக்காவை உங்கள் ஊருக்கு அழைத்துப் போய்விடுங்கள். அவள் என்னைத் திட்டிக்கொண்டே உயிரோடு இருக்கட்டும், எனக்கு அது போதும்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி, பெரியவனின் சைக்கிள் பிரேக் சரியில்லை, மாற்றச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு வணக்கம். இந்த உறையின் பசை எவ்வளவு எச்சில் தடவியும் ஒட்டவில்லை, பெருக்கல் போட்டுவிட்டேன். கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே கடைக்குப் போய்ப் பசை வாங்கி வருகிறேன். உங்கள் அக்கா உள்ளறையில் ஷூ கயிறு கட்டிப் பழகிக்கொண்டிருக்கிறாள். ஒரே நிமிடம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும்
அத்தான்

பி.கு.: மேலே எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தேன். நல்ல கடிதம், ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரம்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று உங்கள் அக்காவும் நானும் இன்றைக்கே கிளம்புகிறோம். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஷூ கயிற்றை நானே கட்டிவிட்டேன். சூரியன் நன்றாகத் தெரிகிற இடமாகக் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்து வைத்திருக்கிறேன், கூட்டமே இருக்காது. நீங்களும் வாருங்கள், உங்களுக்கும் இடம் இருக்கிறது. வாசலில் யாரோ பசை டப்பாவும் கையுமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள், திறக்க வேண்டாம் என்றாள். உறை நன்றாகவே ஒட்டுகிறது.