கலெக்டர் காலைத் தூக்கவில்லை

“நேத்து காலையிலேருந்து ஒரு சொட்டுகூட போகல டாக்டர்!”

துரைப்பாண்டி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். மேஜைமேல் நின்றது அவருடைய சிப்பிப்பாறை நாய், கலெக்டர். சங்கரன்கோவிலிலேயே இப்படி ஒரு நாய் கிடையாது என்பது துரைப்பாண்டியின் கட்சி. எதிரே வருபவர்கள் நின்று அதன் பெருமையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

கால்நடை டாக்டர் அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஸ்கேனும் எடுத்தார்.

“கல்லும் இல்ல, அடைப்பும் இல்ல. இதுவா அடக்கி வச்சிருக்கு. இப்படி அடக்குனா கிருமி வரும், கல்லும் வரும். முதல்ல போகட்டும், அப்புறம் தினமும் தண்ணி நல்லாக் குடிக்க வைங்க. சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா டியூப் போட்டுத்தான் எடுக்கணும். வழக்கமாப் போற இடம் எது?”

“அது... பல இடம் டாக்டர்.”

பச்சைப் பொய். கலெக்டருக்கு இடம் ஒன்றே ஒன்றுதான்: எதிர்வீட்டுச் சங்கரசுப்புவின் புது பைக், பின்சக்கரம். “உம்ம நாய்தான்னு ஊரறிய ஒத்துக்கிடும்” என்று அவர் ஒரு மாதமாக மல்லுக்கு நிற்கிறார். “அது தெருநாய் செய்யுத வேலை வே. கலெக்டர் செய்யாது” என்று துரைப்பாண்டி டீக்கடையில் வைத்து அடித்துப் பேசிவிட்டார். கோபத்தில் சங்கரசுப்பு நேற்று பைக்கை உள்ளே ஏற்றி கேட்டைப் பூட்டிவிட்டார்.

அவசரத்தில் துரைப்பாண்டி டாக்டர் சொன்னதைத் தலைகீழாகச் செய்தார். முதலில் இளநீர் கொடுத்தார். கலெக்டர் ஆசையாகக் குடித்தது. வயிறு இன்னும் இறுகியது. தன் பைக்கைக் காட்டினார். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துப் போய் திருவேங்கடம் போகும் பஸ்ஸின் சக்கரத்தருகே நிறுத்தினார். டிரைவர் ஹாரன் அடித்த அடியில் வரவிருந்ததும் நின்றுபோனது.

வீட்டில் மனைவி ராஜகுமாரி பொறுமையிழந்தாள்.

“அது மூத்திரப்பை வெடிச்சாலும் பரவால்ல, உங்க வாய்ப்பேச்சு தோக்கக் கூடாது. அப்படித்தான?”

சுருக்கென்றது. கலெக்டர் காலடியில் படுத்து முனகியது. அதற்குமேல் துரைப்பாண்டியால் தாங்க முடியவில்லை. எதிர்வீட்டு கேட்டைத் தட்டினார்.

“கேட்டைத் தொறயும் வே. இது உம்ம வண்டியிலதான் போவும்.”

“சத்தமாச் சொல்லும்” என்று சங்கரசுப்பு செல்போனை நீட்டி வீடியோவை ஆரம்பித்தார்.

வீடியோ நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகும் என்று துரைப்பாண்டி நினைத்தார். ஆனாலும் தெருவே கேட்கக் கத்தினார்:

“கலெக்டர் என் நாய்தான்! வேற எந்த வண்டியையும் தொடாது. சங்கரசுப்பு வண்டியிலதான் காலைத் தூக்கும்!”

கேட் திறந்தது. பைக் வெளியே வந்தது. கலெக்டர் காலைத் தூக்கியது. போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. துரைப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளை மெடல் வாங்கினால்கூட அவர் இப்படி நெஞ்சை நிமிர்த்தியிருக்க மாட்டார்.

“பாத்தீரா வே, என்ன வைராக்கியம்! இனி கேசு போடுததுன்னா போட்டுக்கிடும்.”

சங்கரசுப்பு காதில் எதுவும் விழவில்லை. வீடியோவை யாருக்கோ அனுப்புவதில் மும்முரமாக இருந்தார். அவர் மனைவி மாரிசெல்விதான் சிரித்தாள்.

“கேசா? நல்லாச் சொன்னீக அண்ணாச்சி! ‘தெருவுல இத்தன வண்டி இருக்க, சிப்பிப்பாறை நாய் என் வண்டியத் தேடித்தான் வருது’ன்னு இவுக ஒரு மாசமாப் பெருமையடிச்சதை எங்க அண்ணன் நம்பவே இல்ல, அவுகளுக்குத்தான் இந்த வீடியோ!”