ஒரிஜினல் பீரோவில் பத்திரமாக இருக்கிறது

பஸ்ஸில் ஏறுகிறவனுக்கு வழியில் இறங்க வேண்டி வரலாம் என்று தெரியும். ரயிலில் ஏறுகிறவனுக்கும் தெரியும். கப்பலில் ஏறுகிறவனுக்கு மட்டும் அந்த யோசனையே வருவதில்லை. நடுக்கடலில் யார் எங்கே இறங்கப்போகிறார்கள் என்று ஒரு தைரியம். எனக்கும் அந்தத் தைரியம் இருந்தது. (இப்போது இல்லை. இப்போது பக்கத்திலிருக்கிற பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறினாலும் பாஸ்போர்ட் என் சட்டைப்பையில்தான்.)

திருத்தணியில் மலைக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. லாமினேஷனும் உண்டு. ஒரிஜினல் பீரோவில் இருக்க வேண்டும், ஜெராக்ஸ் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் வாழ்க்கையின் ஒரே கொள்கை. வருகிறவர்களிடமெல்லாம், "ஒரிஜினல தொலைச்சிட்டு யாருகிட்ட போயி நிப்ப?" என்று பயமுறுத்தி இரண்டு காப்பி சேர்த்துப் போட வைப்பேன். எங்கள் வீட்டு ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் கலர் ஜெராக்ஸ் எடுத்துப் பளபளவென்று உறை போட்டு வைத்திருந்தேன். நல்லவேளை, என் மனைவி பத்மாவுக்கு உறை போடவில்லை.

போன வருஷம் எங்கள் கல்யாணத்தின் வெள்ளி விழாவுக்குச் சென்னையில் வேலை பார்க்கும் மகள் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். சென்னையில் ஏறி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு போய், கொச்சியில் இறங்க வேண்டும். நடுவில் எங்கும் நிற்காது. ஆதார் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். "இருந்தாலும் பாஸ்போர்ட்ட எடுத்துக்குங்க நைனா" என்றாள் மகள்.

"அது பீரோல பத்திரமா கீது. ஜெராக்ஸ் எடுத்துகினு போறன்" என்றேன்.

எங்கள் பாஸ்போர்ட்டுகளில் ஒரு முத்திரைகூட விழுந்ததில்லை. சிங்கப்பூர் போகலாம் என்று வாங்கி, போகாமலே விட்டது. அவற்றைப் பட்டுத்துணியில் சுற்றி, மலைக்கோயில் விபூதிப் பொட்டலத்தோடு பீரோவில் வைத்திருந்தேன். பீரோ சாவி என் அரைஞாண் கயிற்றில். குளித்தாலும் தூங்கினாலும் அது என் இடுப்பை விட்டு இறங்காது.

கூடவே பாவாவும் வந்தார். பாவா என்றால் பத்மாவின் அண்ணன். பொதட்டூர்பேட்டையில் தறி போட்டு லுங்கி நெய்கிறவர். மனைவியை இழந்து தனியாக இருக்கிறார் என்று பத்மா பிடிவாதமாக அழைத்து வந்தாள். (வெள்ளி விழாவுக்கு மச்சானோடு போனவன் ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.) மனிதர் குறட்டை விட்டால் ஓடுகிற தறியே நின்று கேட்கும். விழித்திருக்கும்போது மலேசியாக் கதை. அங்கே துணிக்கடையில் வேலை பார்த்தபோது முதலாளி அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டானாம். பெற்ற தாயின் சாவுக்கு வர முடியவில்லை. திரும்பி வந்ததிலிருந்து பாஸ்போர்ட்டைப் பச்சை பெல்ட்டின் பையில் வைத்து, லுங்கிமேல் கட்டிக்கொண்டேதான் திரிகிறார்.

கப்பலில் முதல் நாள் காலைப் பலகாரத்தின்போது அந்தப் பெல்ட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா பாவா, கொச்சிக்குப் போறதுக்கு பாஸ்போர்ட்டா? கேரளாவ எப்ப தனி நாடாக்குனாங்க?"

"இருக்கட்டும் மாப்ள. நடுவுல எறக்கி வுட்டுட்டா?"

"நடுவுல எறக்கி வுட இது இன்னா பள்ளிப்பட்டு பஸ்ஸா?"

பக்கத்து மேஜைக்காரர்களும் சிரித்தார்கள். பாவா இன்னொரு இட்லி எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பத்மாவுக்கு வயிற்றுவலி. கப்பல் ஆடுவதால் வருகிறது என்று இஞ்சி மிட்டாய் கொடுத்தேன். வாந்தி எடுத்தாள். இன்னொரு மிட்டாய் கொடுத்தேன். உடம்பு அனலாய்க் கொதித்த பிறகுதான் கப்பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். குடல்வால் வெடித்துவிட்டது, இங்கே அறுவை சிகிச்சைக்கு வசதி இல்லை, உடனே கரைக்குக் கொண்டுபோகாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார். கிட்டத்தில் இருந்த கரை இலங்கையின் தென்கரை. கப்பல் திரும்பியது.

மத்தியானம் ஒரு படகு வந்து கப்பலை ஒட்டி நின்றது. பத்மாவை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கட்டினார்கள். கப்பல் அதிகாரி ஒரு தமிழர்.

"நோயாளியை அவசரத்துக்கு அனுமதிக்கிறாங்க. கூட ஒருத்தர் மட்டும் போகலாம். பாஸ்போர்ட் குடுங்க" என்றார்.

நான் நெஞ்சை நிமிர்த்தி உறை போட்ட கலர் ஜெராக்ஸை நீட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. ஒரிஜினல் எங்கே?"

"பீரோல சார். திருத்தணில. ஆதார் கீது சார். பான் கார்டு கீது. ரேஷன் கார்டுகூட எடுத்துகினு வந்துகீறேன்."

அவர் வயர்லெஸ்ஸில் கரையோடு பேசினார். பாவமாகத்தான் பேசினார். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்குப் புரியவில்லை. அவர் முகம் புரிந்தது.

அதற்குள் பாவா பெல்ட்டைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேலி செய்திருக்கலாம். செய்யவில்லை. கட்டிய லுங்கியோடு, மாற்றுத்துணிகூட இல்லாமல் படகில் இறங்கி, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். பத்மா வலியில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன்.

"சாவி உங்ககிட்டதான கீது?"

"ஆங்" என்றேன். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவளிடம் கடைசியாகப் பேசியது அந்த ஒரு சொல்லாகத்தான் இருக்கப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. படகு போய்விட்டது. கப்பல் கொச்சிப் பக்கம் திரும்பிக்கொண்டது. நான் மூன்று பேருடைய பெட்டிகளோடு மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். சற்றுத் தள்ளி ஆட்டம் பாட்டம் நடந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக்காரர் வந்து, "மூணு பேர்தானே சார்?" என்று கேட்டார். நான் அழுதேன். அவள் செத்துப்போவாள், நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், காரணம் நான் போட்ட லாமினேஷன் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

கப்பல் அதிகாரிதான் பிறகு வந்து, ஆபரேஷன் முடிந்துவிட்டது, இன்னும் கண் விழிக்கவில்லை என்று தகவல் சொன்னார். அவர் போனிலேயே மகளிடம் பேசினேன். பீரோவை உடைக்கச் சொன்னேன். அவள் திருத்தணிக்கு ஓடி ஆள் கூட்டிவந்தாள். ஒரு தடவை திருட்டுப் போன பயத்தில் நான் சொல்லிச் செய்த பீரோ அது. வந்த ஆள் தட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கட்டர் வெச்சாதான் ஆவும். உள்ள இருக்கறதெல்லாம் கருகிடும் பரவால்லியா?" என்று கேட்டானாம். ஆக, பாஸ்போர்ட் திருத்தணியில். சாவி அரபிக்கடலில், என் இடுப்பில்.

கொச்சியில் இறங்கி, ரயில் பிடித்து, அரக்கோணத்தில் குதித்து, பஸ்ஸேறி வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். பாஸ்போர்ட்டுகள் விபூதி வாசனையோடு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. வாழ்நாளில் ஒரு பொருளை அவ்வளவு பத்திரமாக வைத்ததற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

மகளோடு விமானத்தில் போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியில் பத்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பாவா யாரோ கொடுத்த தொளதொளப் பேண்டில், பச்சை பெல்ட்டோடு, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வந்துகீறது ஒரிஜினலா, ஜெராக்ஸா?"

பாவா சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மறுபடியும் அழுதேன்.

அன்றிலிருந்து எனக்கு வீட்டில் மரியாதை அவ்வளவுதான். பால் வாங்கக் கிளம்பினால், "நைனா, பாஸ்போர்ட்?" என்று மகள் போனிலேயே கேட்கிறாள். கல்யாண வீட்டுப் பந்தியில் நான் உட்கார்ந்தால், "ஜெராக்ஸுக்கு ஒரு எல போடுங்க" என்கிறார் பாவா. சொந்தபந்தம் முழுக்க எனக்கு இதுதான் பெயர். கடையில் யாராவது லாமினேஷனுக்குப் பாஸ்போர்ட் நகல் கொண்டுவந்தால் நானே உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லி, ஒரிஜினலைக் கையோடு வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறேன். வியாபாரம் படுத்துவிட்டது.

போன மாதம் பத்மாவுக்கு மறுபடியும் அதே இடத்தில் வலி. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம். ஸ்கேன் அறைக்கு வெளியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் கதவைத் திறந்து, "கூட ஒருத்தர் மட்டும் வரலாம்" என்றாள்.

பாவா பழக்கதோஷத்தில் எழுந்து பெல்ட்டில் கை வைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ உக்காருண்ணா" என்றாள் பத்மா. "ஒரிஜினல் வரட்டும்."