புகை வரியைக் கவரில் போட்டுக் கொடுங்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம், மூட்டுவலி உட்பட. கார்பன் வரிப் பணத்தை அரசாங்கம் எப்படிச் செலவழிக்கலாம் என்ற அறிக்கையில் திங்கட்கிழமை நீங்கள் கையெழுத்துப் போட வேண்டுமாம், குழுவில் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம், உங்களுக்குத் தூக்கமே இல்லையாம். மகள் போனில் சொன்னாள். நிம்மதியாகத் தூங்குங்கள். அதை நான் நம் ஜவுளிக்கடையிலேயே நடத்திப் பார்த்துவிட்டேன்.

கரண்டும் டீசலும் கையைக் கடித்ததால், எந்தப் பிரிவு எவ்வளவு எரிக்கிறதோ அதற்கேற்ப அவர்களுடைய ஊக்கத்தொகையில் ‘புகை வரி’ பிடித்தேன். முதல் மாத வசூலில் ‘பசுமைக் கடை’ என்று வாசலில் பலகை வைத்தேன். பலகைக்கு விளக்குப் போட்டதில் கரண்ட் பில் ஏறியதுதான் மிச்சம். இரண்டாம் மாதம், செலவழிக்கும் வழியை யோசிக்க ஐந்து பேர் குழு போட்டேன். யோசித்து முடிப்பதற்குள் பணம் டீயாகவும் பிஸ்கட்டாகவும் தீர்ந்துவிட்டது, உங்கள் குழுவைச் சொல்லவில்லை. அதற்குள் பார்சல் கட்டும் அக்கா வேலையை விடுவதாக வந்து நின்றார். அவர் போனால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி.

“ஒரே ஃபேன்ல வேர்த்து ஊத்த வேலை செய்றேன் முதலாளி. எங்கிட்டயும் பிடிக்கிறீங்க. அந்தக் காசு எங்க போகுதுன்னாவது தெரிய வேண்டாமா?”

சுருக்கென்றது. மூன்றாம் மாத வசூல் முழுவதையும் ஆளுக்குச் சமமாகக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அக்கா கட்டியதைப்போல் மூன்று மடங்கு வாங்கினார். ஏசியில் நிற்கும் கோட்-சூட் பிரிவுக்காரன் கட்டியதில் பாதிதான் வாங்கினான்.

“இது என்ன நியாயம் முதலாளி?” என்றான் அவன்.

“ஏசிய அணைச்சுட்டு எங்கூட வந்து நில்லு தம்பி, புரியும்” என்றார் அக்கா. வேலையை விடும் பேச்சே பிறகு இல்லை. மறுநாளிலிருந்து ஆளாளுக்கு ஸ்விட்சைத் தேடித்தேடி அணைக்கிறார்கள், வேன் டிரைவர் நின்ற இடத்தில் எஞ்சினை அணைக்கிறார், ஒரு வாடிக்கையாளர் அரையிருட்டில் பொம்மையிடம் விலை கேட்டுக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை.

அதனால் பலகை வேண்டாம், குழு வேண்டாம், எங்களை மாதிரி வியாபாரிகளுக்குச் சலுகையும் வேண்டாம். கொடுத்தால் நானே வாங்கிப் பையில் போட்டுக்கொள்வேன், உங்களிடம் மறைப்பானேன். எல்லார் கையிலும் சமமாகக் கொடுத்துவிடுங்கள். தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள்.

பேத்தி நன்றாகச் சாப்பிடட்டும், மகள் கொஞ்சம் குறைவாகக் கவலைப்படட்டும், நீங்கள் மேலும் மேலும் உயர வேண்டும்.

அன்புடன்,
மாமா

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டும் நேரத்தில் நான்காம் மாதக் கணக்கு வந்தது. எல்லாரும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டதால் ஆளுக்கு ஒரு டீக்குக்கூட வரி தேறவில்லை. மொத்தக் கடையும் என் அறை வாசலில் நிற்கிறது, அக்கா முன்னால். “இப்ப கடையில நாள் முழுக்க ஓடுறது உங்க ரூம் ஏசி ஒண்ணுதான் முதலாளி. அதுக்கு மட்டும் ஏன் வரி இல்ல?” என்கிறார். திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டாம். இன்னும் ஆழமாக யோசிக்க ஒரு குழு போடச் சொல்லுங்கள்.