சீன இசைநாடகப் பாதுகாப்பு மன்றம், ஸ்ரீரங்கம் கிளை

கலையை ரசிக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். காப்பாற்றுகிறவர்களைத் தெரியுமா? இவர்கள் தனி இனம். ரசிக்கிறவருக்கு ஒரு பாட்டும் உட்கார ஓர் இடமும் போதும். காப்பாற்றுகிறவருக்கு மைக், பேனர், பொன்னாடை, குத்துவிளக்கு, அதை ஏற்ற இரண்டு சிறப்பு விருந்தினர் எல்லாம் வேண்டும். பாட்டும் இருந்தால் நல்லது.

ஸ்ரீரங்கத்துத் தேசிகன் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். உள்ளூர்க் கலைகளையெல்லாம் மற்றவர்கள் ஏற்கெனவே காப்பாற்றிக்கொண்டிருந்ததால் அவருக்குச் சீனக் கலைதான் மிச்சம் இருந்தது. வேலையில் இருந்த காலத்தில் இயந்திரம் வாங்கச் சீனாவுக்குப் போனவர், அங்கே யுவே என்ற இசைநாடகத்தை, பஸ் கிளம்பும்வரை, பத்து நிமிஷம் பார்த்தார். அதில் ராஜா, காதலன், கிழவன் எல்லா வேஷத்தையும் பெண்களே கட்டுகிறார்கள், ஆனால் பார்க்கத்தான் இளைஞர்கள் வருவதில்லை என்று வழிகாட்டி சொன்னாராம். போதாதா? ஊர் திரும்பினார், மன்றம் தொடங்கினார், லெட்டர்பேடு அடித்தார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் "அங்க ஆம்பளை வேஷமும் பொம்மனாட்டிதான், தெரியுமோ?" என்று ஆரம்பித்து, பாயசம் வருவதற்குள் அவரை உறுப்பினராக்கினார். கிளை என்கிறாரே, தலைமை மன்றம் எங்கே? அதை யாரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு நிஜமாகவே ஒரு பாடகி கிடைத்துவிட்டார். துவாக்குடிப் பக்கம் ஓர் ஆலையில் இயந்திரம் பொருத்த வந்த சீனப் பொறியாளரின் மனைவி, லின். கல்யாணத்துக்கு முன்பு யுவே குழுவில் காதலன் வேஷம் கட்டியவர். மன்றத்தின் விழாவில் ஒரு பாட்டு பாடிக் காட்டுவதாகச் சொன்னார். ஆனால் அன்றைக்கே ஊருக்குக் கிளம்புகிறார். ஏழு மணிக்குக் கார். தேசிகனின் மனைவி வேதவதிக்கு ஒரே ஆசைதான். இரண்டு வருஷமாக இவர் பேச்சிலேயே கேட்டு வந்ததை, ஒரே ஒரு தடவை யாராவது பாடிக் கேட்க வேண்டும்.

ஐந்து மணிக்குத் தேசிகன் மண்டப வாசலில் மாலையோடு நின்றார். நீலப் பட்டு அங்கி, தொப்பி, தரை வரை தொங்கும் வெள்ளைத் துணிக் கைநுனி, மை தீட்டிய புருவம் என்று ஓர் இளைஞன் வந்து வணங்கினான்.

"தம்பி, சித்த ஓரமா நில்லுங்கோ. மேடம் வர்ற வழி."

இளைஞன் ஓரமாக நின்றான். வெகு நேரம் நின்றான்.

"ஏன்னா," என்றார் வேதவதி, "அதுதான் மேடம்."

"ஆம்பளையான்னா இருக்கு?"

"பொம்மனாட்டிதான் ஆம்பளை வேஷம் கட்டுவான்னு நீங்கதானே ஊர் பூராச் சொன்னேள்."

"அது பொதுவாச் சொன்னது," என்றார் தேசிகன்.

பிறகு விழா. வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை. பேசிய ஒவ்வொருவரும் லின்னுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். முதலில் கைநுனி மறைந்தது, பிறகு அங்கி மறைந்தது, தலைமையுரைக்குத் தேசிகன் எழுந்தபோது தொப்பி மட்டும் தெரிந்தது. தலைப்பு: அழிந்துவரும் கலையை அழியாமல் காப்பது எப்படி?

மைக் செட் பிரவீன்ராஜ் மேடை ஓரம் வந்து நின்றார். "சார், காரு வந்துருச்சுங்க. மேடம் இப்பப் பாடினாத்தான் உண்டு."

"இருங்கோ. இப்பதான் பழங்காலம் முடிஞ்சிருக்கு. பாட்டு கடைசில."

வேதவதி எழுந்தார். லின்னின் கையைப் பிடித்துப் பின்பக்கம் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனார். பொன்னாடைகளை ஒவ்வொன்றாக உரித்து நாற்காலியில் போட்டார். "பாடும்மா," என்றார், தமிழிலேயே.

லின் கையை உதறினார். வெள்ளைக் கைநுனி கேசரிச் சட்டிக்கு மேலே பறந்து போய்த் திரும்பி மணிக்கட்டில் மடிந்தது. பாடினார். ஒரு வார்த்தை யாருக்கும் விளங்கவில்லை. போக வேண்டியவன் போக மனசில்லாமல் நிற்கிறான் என்று மட்டும் எல்லோருக்கும் விளங்கியது. கேசரி கிளறிய அம்மாள் அடுப்பைச் சிறிதாக்கினார். வேதவதிக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்களும் தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் மாதிரி ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

மைக்கில் தேசிகனின் குரல் கேட்டது. "பின்னால யாரோ சத்தம் போடறா. அந்தக் கதவைச் சாத்துங்கோ."

பிரவீன்ராஜ் ஓடி வந்து சாத்தினார். இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டு.

மறுநாள் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் தேசிகன் எழுதினார்: விழா இனிதே நடந்தேறியது. நேரமின்மையால் பாட்டு மட்டும் இடம்பெறவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் ஏதோ ஒரு கலை அழிந்துவருகிறது என்று வீடியோ ஒன்றை, 'அவசியம் பாருங்கள்' என்று எழுதி, எல்லாக் குழுவுக்கும் அனுப்பினீர்களே, அதை நீங்கள் எதுவரை பார்த்தீர்கள்? பத்து நிமிஷமா? கவலையே வேண்டாம். கிளைத் தலைவர் ஆவதற்கு அது தாராளமாகப் போதும்.