ஏலகிரி ஏரியில் ஒரு தோல் பாய்

என் கையால் தைத்தது எதுவும் இதுவரை பிரிந்ததில்லை. மூழ்கியது மட்டும் ஒரே ஒரு தடவை.

அஞ்சாவதோடு படிப்பு நின்றது. ஆம்பூரில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கப் போனவள், இன்று நாற்பது மிஷின் போட்ட முதலாளி. (பெருமைதான். நான் பேசாமல் வேறு யார் பேசுவது?) அதனால்தான் ஏலகிரி ஏரியில் தோல் கம்பெனிக்காரர்கள் நடத்தும் பாய்மரப் படகுக் கிளப்பில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே வருஷா வருஷம் பெண்கள் பந்தயம் உண்டு. பெண்கள் தொப்பி போட்டு உட்கார்ந்து கையசைப்பார்கள். சுக்கான் பிடிப்பது புருஷன். கோப்பை மட்டும் மனைவிக்கு.

"இதுக்கு நான் எதுக்கு? ஒரு மூட்டை உப்ப ஏத்திக்கிட்டுப் போங்க" என்றேன் செயலாளரிடம்.

"வழக்கம்மா அது. நீங்க தனியா ஓட்டி எல்லைக் கோட்டைத் தாண்டுங்க, வழக்கத்தையே மாத்திடறேன்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

ஒரு மாதம் ஓட்டிப் பழகினேன். அதோடு விட்டிருக்கலாம். கிளப்பின் துணிப் பாய் எனக்குக் கேவலமாகத் தெரிந்தது. மெல்லிய ஆட்டுத்தோலில், சிவப்புச் சாயம் போட்டு, இரட்டைத் தையலில் நானே ஒன்று தைத்தேன்.

"தோல் நனைஞ்சா கனக்குமே, பாக்கியம்" என்றார் வீட்டுக்காரர்.

"எனக்கே தோலப் பத்திச் சொல்ல வந்துட்டீங்களா? தண்ணி கீழ இருக்குது, பாய் மேல இருக்குது. எப்டி நனையும்?"

தண்ணீர் மேலிருந்தும் வரும் என்பது நினைவில் இல்லை.

கடைசித் திருப்பம் வரை நான்தான் முதல். அப்புறம் மழை பிடித்தது. பாய் ஊறி, சினை எருமை போல என் மேல் சாய்ந்தது. கோட்டுக்கு முப்பது அடி முன்னால் படகு கவிழ்ந்தது. கரை முழுக்க விசில். மற்ற படகெல்லாம் என்னைத் தாண்டிப் போயின.

"அம்மாவத் தூக்குங்கப்பா!" செயலாளர் மைக்கில் கத்தினார்.

"எவனாச்சும் கிட்ட வந்தீங்க, பேஜாராய்டும்!"

எழுந்து நின்றேன். தண்ணீர் இடுப்பளவுதான். கயிற்றைத் தோளில் போட்டு, சாய்ந்த படகை இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினேன். கடைசி இடம்.

"இது ஓட்டுனதாம்மா?" என்றார் செயலாளர்.

"படகு தாண்டுச்சா இல்லயா? கூட எந்த ஆம்பளயாச்சும் இருந்தானா?"

அவர் வாயைத் திறப்பதற்குள், தொப்பி சொட்டச் சொட்ட நின்ற பெண்கள் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது கிளப் விதிப் புத்தகத்தில் இரண்டு வரி புதிது. பெண்கள் பந்தயப் படகில் ஆண்கள் ஏறக் கூடாது. பாய் துணியால் மட்டுமே இருக்க வேண்டும். (இரண்டும் என்னால் வந்த விதி. வேறு எந்த முதலாளிக்கு இந்தப் பெருமை இருக்கிறது?)

வீட்டில் நான் பெருமை பேச ஆரம்பித்தால் போதும், என் மகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, தூறுது" என்பாள்.

தூறட்டும். நான் பேசுவதை நிறுத்துவதில்லை.